ஓப்பன்னெஸ் என்றால் மனதில் பட்டதைச் சொல்வது மட்டும்தானா?

மேற்கு மாம்பலத்தில் ஒரு மருந்துக்கடையின் மாடியில், மாலை ஏழு மணிக்கு ஆங்கில வகுப்பு எடுக்கிறேன். கிண்டியில் வேலை முடித்து மின்சார ரயில் பிடித்து வருகிற ஒரு பெண், போன ஏப்ரலில் ஒருநாள் வந்து உட்கார்ந்ததுமே கைப்பேசியை என் முன்னால் நீட்டினார். அவருடைய அலுவலகத்தின் அப்ரைசல் படிவம், அதாவது வேலையை மதிப்பிட்டு மார்க் போடும் படிவம். அதில் ‘ஓப்பன்னெஸ்’ என்ற வரிக்கு நேரே, ஐந்துக்கு இரண்டு.

“மேடம், நான் எதையும் மனசுல வெச்சுக்கவே மாட்டேன். யாரா இருந்தாலும் முகத்துக்கு நேரா சொல்லிடுவேன். எங்க டீம்லயே என்னை மாதிரி ஓப்பனா பேசற ஆள் கிடையாது. எனக்குப் போய் ரெண்டா?”

அவர் தன்னைப் பற்றிச் சொன்னது அத்தனையும் உண்மை. நான் நடத்துவது புரியவில்லை என்றால் என்னிடமே அப்படிச் சொல்லக்கூடியவர். ஆனால் படிவம் கேட்டது அதை இல்லை என்று எனக்குத் தோன்றியது.

சென்னையில் நாம் ‘ஓப்பன்’ என்ற சொல்லை நாள் முழுக்கப் புழங்குகிறோம். ‘அவன் ஓப்பன் டைப்’, ‘ஓப்பனா சொல்லு’, ‘ஓப்பனா பேசிடலாம்’. எல்லாமே ஒரே பொருளில்தான்: மறைக்காமல் பேசுவது. ஆங்கிலத்தில் ஓப்பன்னெஸ் என்கிற சொல்லுக்கு அது ஒரு பாதி. இன்னொரு பாதியை நாம் கவனிப்பதே இல்லை. வேலைக்கான நேர்காணலிலும் அப்ரைசலிலும் பெரும்பாலும் கேட்கப்படுவது அந்த இன்னொரு பாதிதான்.

கிரில் கேட்டும் மரக்கதவும்

நம்மூர் அடுக்குமாடி வீடுகளின் வாசலை நினைத்துக்கொள்ளுங்கள். வெளியே கிரில் கேட், உள்ளே மரக்கதவு. சாயங்காலம் காற்று வரட்டும் என்று மரக்கதவைத் திறந்து வைத்துவிட்டு, கிரில் கேட்டைப் பூட்டியே வைத்திருப்போம். இப்போது அந்த வீடு திறந்திருக்கிறதா, மூடியிருக்கிறதா?

உள்ளே ஓடும் டிவி படிக்கட்டில் ஏறுபவர்களுக்குத் தெரிகிறது. குக்கர் விசில் மாடி வரை கேட்கிறது. உள்ளே இருப்பது வெளியே வருவதைப் பொறுத்தவரை வீடு திறந்தே இருக்கிறது. ஆனால் வெளியிலிருந்து யாரும் உள்ளே காலெடுத்து வைக்க முடியாது. கூரியர் பையன்கூட கம்பி வழியாகத்தான் பார்சலை நீட்ட வேண்டும்.

திறந்த கதவுக்கு இப்படி இரண்டு வேலை உண்டு. உள்ளே இருப்பது வெளியே தெரிவது ஒன்று. வெளியே இருப்பது உள்ளே வருவது இன்னொன்று. இரண்டும் சேர்ந்தே நடக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. மனிதர்களிலும் கிரில் கேட் பூட்டிய வீடுகள் உண்டு. தன் மனதில் உள்ளதெல்லாம் சொல்வார்கள், அடுத்தவர் சொல்வது உள்ளே போகாது. நேர்மாறானவர்களும் உண்டு, தன்னைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டார்கள், நாம் சொல்வதை மட்டும் கவனமாகக் கேட்டு, சரியென்று பட்டால் தன் வழியை மாற்றிக்கொள்வார்கள். ஆங்கிலம் இரண்டு பேரையுமே ஓப்பன் என்று சொல்லும்.

இன்னொன்றையும் அந்த வாசல் காட்டுகிறது. முழுதாகத் திறப்பது, முழுதாக மூடுவது என்ற இரண்டுக்கும் நடுவில் நிறைய நிலைகள் இருக்கின்றன. அதனால்தான் ஆங்கிலத்தில் ‘மோர் ஓப்பன்னெஸ்’, ‘அ டிகிரி ஆஃப் ஓப்பன்னெஸ்’ என்றெல்லாம் அளவு வைத்துப் பேசுகிறார்கள்.

திறப்பு வேறு, திறந்திருப்பது வேறு

இப்போது சொல்லைப் பிரித்துப் பார்க்கலாம். ‘ஓப்பன்’ இங்கே ஒரு பெயரடை, அதாவது ஒரு பொருளோ ஆளோ எப்படி இருக்கிறது என்று சொல்லும் சொல். ‘நெஸ்’ ஒரு விகுதி, அதாவது சொல்லின் கடைசியில் ஒட்டிக்கொள்ளும் துண்டு. பெயரடையோடு ஒட்டி, அந்தத் தன்மைக்கு ஒரு பெயரை உண்டாக்குவதுதான் அதன் வேலை. டார்க் என்றால் இருண்ட, டார்க்னெஸ் என்றால் இருள். கைண்ட் என்றால் அன்பான, கைண்ட்னெஸ் என்றால் அன்பு. நம் ‘மை’ விகுதி இனிய என்பதிலிருந்து இனிமையையும், வெறும் என்பதிலிருந்து வெறுமையையும் எடுத்துத் தருகிறதே, கிட்டத்தட்ட அதே வேலை.

‘ஓப்பனிங்’ இதிலிருந்து வேறு. அது திறப்பு. கடை திறப்பு விழா ஓப்பனிங், சுவரில் இருக்கும் சந்து ஓப்பனிங், கம்பெனியில் காலியாக இருக்கும் வேலையும் ஓப்பனிங். ஓப்பனிங் என்பதை எண்ணலாம், மூன்று ஓப்பனிங் இருக்கிறது என்று சொல்லலாம். ஓப்பன்னெஸ் என்பதை எண்ண முடியாது. ‘ஓப்பன்னெஸஸ்’ என்று யாரும் சொல்வதில்லை.

இந்த வித்தியாசத்தைத் தமிழர்களுக்குச் சொல்லித் தருவது சுலபம், ஏனென்றால் நம் மொழியில் அது ஏற்கெனவே இருக்கிறது. ‘கடை காலையில் ஆறு மணிக்குத் திறந்தது’ என்பது நடந்து முடிந்த ஒரு செயல். ‘கடை திறந்திருக்கிறது’ என்பது இப்போதும் தொடரும் நிலை. ஓப்பனிங் முதல் வாக்கியத்தைச் சேர்ந்தது, ஓப்பன்னெஸ் இரண்டாவதைச் சேர்ந்தது. வகுப்பில் பலர் ‘த ஷாப் இஸ் ஓப்பன்ட்’ என்று எழுதுவதற்கும் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதுதான் காரணம். கடை திறந்திருக்கிறது என்றால் ‘த ஷாப் இஸ் ஓப்பன்’, அவ்வளவே.

ஆக, ஓப்பன்னெஸ் என்பதற்கு நேர்ப்பொருள் திறந்திருக்கும் தன்மை. எது திறந்திருக்கிறது, எந்தப் பக்கமாகத் திறந்திருக்கிறது என்பதை அந்தச் சொல் மட்டும் சொல்லாது. அதைச் சொல்வது பக்கத்தில் வரும் சின்னச் சொல்.

எந்தப் பக்கம் என்று சொல்லும் சின்னச் சொல்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்றால், இதை வைத்துக்கொள்ளுங்கள்.

ஆங்கிலத்தில் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வந்து உறவைக் காட்டும் சின்னச் சொற்களுக்கு முன்னிடைச்சொல் என்று பெயர். டு, அபௌட், வித், ஆஃப் எல்லாம் அந்த வகை. தமிழில் இந்த வேலையை ‘கு’, ‘ஓடு’, ‘இடம்’ மாதிரி வேற்றுமை உருபுகள் செய்கின்றன. நமக்கு உருபு சொல்லின் வாலிலேயே ஒட்டிக்கொண்டு வருவதால், தனியாக நிற்கும் ஆங்கிலச் சின்னச் சொல்லைக் கண் தாண்டிப் போய்விடுகிறது.

‘ஓப்பன்னெஸ் அபௌட்’ என்று வந்தால் உள்ளிருந்து வெளியே. சம்பளத்தைப் பற்றி, நோயைப் பற்றி, செய்த தவறைப் பற்றி மறைக்காமல் இருப்பது. ‘ஓப்பன்னெஸ் வித்’ என்றாலும் அதே திசைதான். யாரிடம் மறைக்காமல் இருக்கிறோம் என்பதை அது சொல்கிறது. மனைவியிடம், டாக்டரிடம், டீமில் இருப்பவர்களிடம்.

‘ஓப்பன்னெஸ் டு’ என்று வந்தால் திசை திரும்பிவிடும். வெளியிலிருந்து உள்ளே. புதிய யோசனை, அடுத்தவர் கருத்து, மாற்றம், விமர்சனம் இவற்றை உள்ளே விடுவது. இதற்குத் தமிழில் மிகப் பொருத்தமான வழக்கு ஒன்று இருக்கிறது: இடம் கொடுப்பது. ‘ஓப்பன் டு சஜெஷன்ஸ்’ என்றால் அடுத்தவர் யோசனைக்கு இடம் கொடுப்பவர். எல்லா யோசனையையும் ஏற்றுக்கொள்பவர் என்று அர்த்தமில்லை. உட்கார நாற்காலி போட்டு, முழுசாகக் கேட்டுவிட்டு, பிறகு வேண்டாம் என்று சொல்கிறவரும் அதில் சேர்த்தி.

‘ஆஃப்’ திசை காட்டாது. எதனுடைய தன்மை என்று மட்டும் சொல்லும். ‘த ஓப்பன்னெஸ் ஆஃப் த பீச்’ என்றால் கடற்கரையின் விரிந்த வெளி.

ஒரு விதிவிலக்கு உண்டு. ‘ஓப்பன் அப் டு’ என்று நடுவில் ‘அப்’ சேர்ந்துவிட்டால், ‘டு’ இருந்தாலும் பெரும்பாலும் திசை வெளியே போய்விடும். ‘ஷி ஓப்பன்ட் அப் டு ஹர் ஃப்ரெண்ட்’ என்றால் தோழியிடம் மனம் திறந்து பேசினாள் என்று பொருள். தோழியின் யோசனைக்கு இடம் கொடுத்தாள் என்று இல்லை.

சரி, நம்மில் இத்தனை பேர் ஒரு பாதியை மட்டும் பிடித்துக்கொண்டது ஏன்? என் எண்ணம் இது: ஓப்பன்னெஸ் என்பதற்கு நாம் பழகிய மொழிபெயர்ப்பு ‘வெளிப்படைத்தன்மை’. அந்தச் சொல்லின் முதல் அடியே ‘வெளி’. அது உள்ளிருந்து வெளியே போகும் திசையை மட்டும் காட்டும் சொல். அகராதியில் அதைப் பார்த்துப் படித்த நாளிலிருந்தே ‘உள்ளே விடுவது’ என்ற பாதி நம் கையிலிருந்து நழுவிவிட்டது. தமிழில் ஒரே சொல்லால் இரண்டையும் சொல்ல வழியில்லை என்பது குறையும் இல்லை. ஒளிவுமறைவில்லாமல் பேசுவது, இடம் கொடுப்பது என்று நாம் இரண்டையும் தனித்தனியாக, குழப்பமே இல்லாமல் சொல்கிறோம். ஆங்கிலம்தான் இரண்டையும் ஒரே பையில் போட்டு வைத்திருக்கிறது.

சுருக்கமாக: அபௌட், வித் வந்தால் மறைக்காமல் இருப்பது. டு வந்தால் இடம் கொடுப்பது. சின்னச் சொல்லே இல்லாமல் ஓப்பன்னெஸ் என்று மட்டும் இருந்தால், எது என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இடத்தைக் கொடுத்தால் மடத்தைப் பிடுங்கும் பக்கம்

ஓப்பன்னெஸ் என்றாலே நல்ல குணம் என்று எடுத்துக்கொள்வதும் ஒரு தவறான புரிதல். திறந்திருக்கும் கதவு வழியாகக் காற்றும் வரும், கொசுவும் வரும்.

‘ஓப்பன் டு மிஸ்யூஸ்’ என்று ஒரு விதியைப் பற்றி எழுதியிருந்தால், அந்த விதியைத் தவறாகப் பயன்படுத்த இடமிருக்கிறது என்று பொருள். ‘ஓப்பன் டு டௌட்’ என்றால் சந்தேகத்துக்கு இடம் கொடுக்கிறது. ‘ஓப்பன் டு அட்டாக்’ என்றால் தாக்குதலுக்குப் பாதுகாப்பில்லாமல் இருக்கிறது. பாருங்கள், இங்கேயும் அதே ‘டு’, அதே ‘இடம்’. திசை மாறவில்லை, உள்ளே வருவது எது என்பது மட்டும்தான் மாறியிருக்கிறது. ஒப்பந்தத்திலோ அலுவலக மின்னஞ்சலிலோ இப்படி ஒரு வரி வந்தால், பாராட்டு என்று நினைத்துக் கடந்துவிடாதீர்கள்.

ஆளுமைத் தேர்வில் வரும் ஓப்பன்னெஸ்

இணையத்தில் ஐந்து நிமிடத்தில் முடிகிற ஆளுமைத் தேர்வை எழுதிவிட்டு, ‘எனக்கு ஓப்பன்னெஸ் கம்மியாம், நான் பொய் சொல்றவன்னு சொல்லுது’ என்று ஒரு மாணவர் வருத்தப்பட்டார். அங்கேயும் சின்னச் சொல் காணாமல் போனதுதான் பிரச்சினை.

உளவியலில் மனிதர்களின் குணத்தை ஐந்து பெரிய அளவுகோல்களால் பார்க்கும் ஒரு முறை இருக்கிறது. ‘பிக் ஃபைவ்’ என்பார்கள். ஐந்தின் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்தால் ‘ஓஷன்’ என்று வரும். முதல் எழுத்தான ‘ஓ’தான் நம் ஓப்பன்னெஸ். அமெரிக்க உளவியலாளர்கள் பால் கோஸ்டா, ராபர்ட் மெக்ரே இருவரும் அதை விரிவாக ஆராய்ந்தவர்கள். அதன் முழுப்பெயர் ‘ஓப்பன்னெஸ் டு எக்ஸ்பீரியன்ஸ்’. அனுபவங்களுக்கு இடம் கொடுக்கும் தன்மை. கற்பனை, கலையில் ஈடுபாடு, புது எண்ணங்களில் ஆர்வம், பழகாததை முயன்று பார்க்கும் விருப்பம் இவையெல்லாம் அதில் அடங்கும். உண்மை பேசுவதும் பொய் பேசுவதும் அந்த அளவுகோலில் வருவதே இல்லை.

அலுவலகத்தில் ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசும் ஒருவரை நினைத்துப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை ஆனால் ஈஞ்சம்பாக்கம் போய், 1966-இல் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் தொடங்கிய சோழமண்டலம் ஓவியர் கிராமத்தில் ஒரே ஓவியத்தின் முன்னால் அரை மணி நேரம் நிற்கிறார். திரும்பும் வழியில் பெயர்கூடச் சரியாகச் சொல்லத் தெரியாத ஒரு கொரிய உணவை வாங்கிச் சாப்பிட்டுப் பார்க்கிறார். நம் ‘ஓப்பன் டைப்’ கணக்கில் இவர் மூடிய ஆள். உளவியல் கணக்கில் ஓப்பன்னெஸ் அதிகம் உள்ளவர்.

இந்த அளவுகோலில் குறைவாக வந்தால் அது ஃபெயில் மார்க் கிடையாது. பழகிய வழி, பழகிய சாப்பாடு, பழகிய ஊர் பிடிக்கும் என்பதைத்தான் அது சொல்கிறது. உயரத்தை அளப்பது மாதிரி ஓர் அளவு அது, ஒழுக்கத்துக்கான சான்றிதழ் இல்லை.

அரசாங்கம் திறந்திருப்பது

செய்தித்தாளில் ஓப்பன்னெஸ் என்று வந்தால் பெரும்பாலும் அரசாங்கத்தைப் பற்றியதாக இருக்கும். அங்கே திசை மறுபடியும் வெளியே.

மிகயில் கோர்பச்சேவ் 1985-இல் சோவியத் ஒன்றியத்தின் தலைமைக்கு வந்து, ‘கிளாஸ்னோஸ்த்’ என்ற கொள்கையை முன்வைத்தார். ஆங்கிலப் பத்திரிகைகள் அதை ஓப்பன்னெஸ் என்று மொழிபெயர்த்தன. ஆனால் அந்த ருஷ்யச் சொல்லின் வேரில் இருப்பது குரல், கதவு இல்லை. பலர் காதில் விழும்படி சொல்வது என்ற எண்ணத்திலிருந்து வந்த சொல் அது. அப்படி ஒரு கொள்கை ஏன் தேவைப்பட்டது என்பதற்கு அடுத்த வருடமே சான்று கிடைத்தது. 1986 ஏப்ரல் 26-ஆம் தேதி செர்னோபில் அணு உலை வெடித்தது. சுவீடனில் ஃபோர்ஸ்மார்க் என்ற அணுமின் நிலையத்தில் கதிர்வீச்சு எச்சரிக்கை ஒலித்த பிறகு, 28-ஆம் தேதி இரவுதான் சோவியத் அரசு விபத்து நடந்ததாக ஒரு சிறு அறிவிப்பு வெளியிட்டது. உலகத்துக்குச் சொல்லாமல் இரண்டு நாள் கழித்திருக்கிறார்கள். ஓப்பன்னெஸ் இல்லாமல் போவது என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது இந்த இரண்டு நாளைத்தான்.

நம் பக்கம் வந்தால் தகவல் அறியும் உரிமைச் சட்டம். தமிழ்நாடு 1997-லேயே தனக்கென ஒரு தகவல் உரிமைச் சட்டம் கொண்டுவந்தது. நாடு முழுமைக்குமான சட்டம் 2005-இல் வந்தது. அந்த மத்தியச் சட்டத்தின் ஆங்கில முகப்பில் ‘ட்ரான்ஸ்பரன்சி’ என்ற சொல் வருகிறது. அதற்கும் ஓப்பன்னெஸுக்கும் தமிழில் ஒரே ‘வெளிப்படைத்தன்மை’யைப் போட்டுவிடுகிறோம். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் சின்ன இடைவெளி உண்டு.

ஸ்வீட் கடையின் கண்ணாடி அலமாரியைப் பாருங்கள். உள்ளே இருக்கும் மைசூர்பாகு அப்படியே தெரிகிறது, கை வைக்க முடியாது. அது ட்ரான்ஸ்பரன்சி, ஊடுருவிப் பார்க்க முடிவது. பாண்டி பஜாரில் கூடையில் கொட்டி வைத்த வளையலை எடுத்துப் போட்டுப் பார்க்கலாம், வேண்டாம் என்றால் திருப்பி வைக்கலாம், விலை ஜாஸ்தி என்று வாதாடலாம். அது ஓப்பன்னெஸ். பார்ப்பதோடு நிற்காமல், பங்கெடுக்கவும் இடம் கொடுப்பது. தகவல் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய் கட்டி மனுப் போட்டால் 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். கோப்பைப் போய்ப் பார்வையிடலாம், குறிப்பெடுக்கலாம், நகலும் வாங்கலாம். முகப்பில் இருப்பது கண்ணாடி என்ற சொல்லானாலும், இங்கே அலமாரியின் கதவே கொஞ்சம் திறக்கிறது.

இன்னும் சில இடங்கள்

பொருளாதாரத்தில் ‘ட்ரேட் ஓப்பன்னெஸ்’ என்பது ஓர் எண். ஒரு நாட்டின் ஏற்றுமதியையும் இறக்குமதியையும் கூட்டி, அந்நாட்டின் மொத்த உள்நாட்டு உற்பத்தியால் வகுத்தால் அது கிடைக்கும். இங்கே இரண்டு திசையும் ஒன்றாகவே எண்ணப்படுகின்றன.

மொழியியலில் உயிரெழுத்தின் ஓப்பன்னெஸ் என்றால் வாய் எவ்வளவு திறக்கிறது என்பது. ‘ஆ’ சொல்லும்போது தாடை கீழே இறங்குகிறது, ‘ஈ’ சொல்லும்போது ஏறக்குறைய மூடிக்கொள்கிறது. தொண்டையைப் பார்க்க டாக்டர் ‘ஆ சொல்லு’ என்பதும் அதனால்தான். நம் இலக்கணத்தில் இதற்கு அங்காப்பு என்று அழகான பெயரே இருக்கிறது.

எழுதும்போதும் பேசும்போதும்

எது குறிக்கப்படுகிறது என்று குழப்பமாக இருந்தால், அந்த இடத்தில் எதிர்ச்சொல் எதுவாக இருக்கும் என்று பாருங்கள். ஒளிப்பது என்று தோன்றினால் வெளியே போகும் ஓப்பன்னெஸ். பிடிவாதம் என்று தோன்றினால் உள்ளே வரும் ஓப்பன்னெஸ். இடநெருக்கடி என்று தோன்றினால், தீபாவளி நேரத்து ரங்கநாதன் தெருவிலிருந்து மெரினாவுக்கு வந்து மூச்சு விடுகிற மாதிரியான வெட்டவெளி.

நேர்காணலில் ‘ஓப்பன்னெஸ் இஸ் மை ஸ்ட்ரெங்த்’ என்று சொல்லித்தர நான் விரும்புவதில்லை. கேட்பவருக்கு எந்தத் திசை என்று தெரியாது. ‘ஐ ஆம் ஓப்பன் டு ஃபீட்பேக்’ என்றால் தெளிவு. பொதுவாகவே ஆங்கிலப் பேச்சில் ஓப்பன்னெஸ் என்ற பெயர்ச்சொல்லைவிட ஓப்பன் என்ற பெயரடைதான் இயல்பாக வரும்.

‘ஓப்பன்லி’ விஷயத்தில் கவனம் வேண்டும். மேனேஜரிடம் மறைக்காமல் சொன்னேன் என்பதற்கு ‘ஐ ஓப்பன்லி டோல்ட் மை மேனேஜர்’ என்று எழுதுகிறார்கள். படிப்பவருக்கு அது நாலு பேர் முன்னால், பகிரங்கமாகச் சொன்னதாகவும் படும். ‘ஃப்ராங்க்லி’ என்று போட்டால் வம்பில்லை.

எழுத்துக்கூட்டல்: ஓப்பன் முடிவது ஆங்கிலத்தின் பதினான்காவது எழுத்தில். நெஸ் தொடங்குவதும் அதே எழுத்தில். சேர்த்து எழுதும்போது இரண்டும் இருக்க வேண்டும். தின்னெஸ், சடன்னெஸ் எல்லாவற்றிலும் இதே கதைதான். வகுப்பில் பாதிப் பேர் ஒன்றை விழுங்கிவிடுகிறார்கள்.

அப்புறம் அந்தப் பெண். படிவத்தில் சின்னச் சொல் எதுவும் இல்லாததால், மேலாளரிடமே போய்க் கேட்கச் சொன்னேன். அடுத்த வாரம் வந்து சொன்னார்: “ரிப்போர்ட்ல ஏதாவது மாத்தச் சொன்னா, அவர் சொல்லி முடிக்கறதுக்குள்ளயே நான் பதில் பேச ஆரம்பிச்சுடறேனாம் மேடம். அதுக்குத்தான் ரெண்டாம்.” கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “நான் அப்படிப் பண்றேன்தான்” என்றார்.

படிவத்தின் கடைசியில் ஊழியர் தன் கருத்தை எழுத ஒரு கட்டம் இருந்தது. அங்கே என்ன எழுதலாம் என்று வகுப்பு முடிந்த பிறகும் உட்கார்ந்து நாலைந்து வரி அடித்துத் திருத்தினார். முடிவில் வந்த வாக்கியத்தின் பொருள் இது: என் அறிக்கைகளைப் பற்றி வரும் யோசனைகளுக்கு இன்னும் அதிகமாக இடம் கொடுக்கப் பார்க்கிறேன். ‘ஓப்பன்னெஸ் டு சஜெஷன்ஸ்’ என்று எழுதியிருந்தார், ‘டு’ சரியான இடத்தில் இருந்தது. விழுங்கியிருந்த ஓர் எழுத்தை மட்டும் சேர்த்துக் கொடுத்தேன்.